பள்ளிக்கூட வண்டியும் தலைவிதியும்

2024-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் திருப்பூர் ஜில்லா வெள்ளகோவிலில் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர், மாலையில் பிள்ளைகளை அவரவர் வீட்டில் கொண்டுபோய் விடும் வழியில், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மாரடைப்பு கண்டு இறந்துபோனார். நெஞ்சு வலி கண்டதும் அவர் செய்த கடைசிக் காரியம், வண்டியை ரோட்டோரமாக ஒதுக்கி நிறுத்தியதுதான். அதனால் உள்ளே இருந்த சுமார் இருபது பிள்ளைகளும் பிழைத்தார்கள். பத்திரிகைகள் எல்லாம் அவரைப் புகழ்ந்தன. சர்க்காரும் அவர் குடும்பத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் கொடுப்பதாக அறிவித்தது.

இப்படிப்பட்ட சமயங்களில் "கடவுள் காப்பாற்றினார்" என்று சொல்லுவது நமது மக்களுக்கு வழக்கமாகிவிட்டது. காப்பாற்றியது யார்? வலியோடு பிரேக்கை மிதித்தது அந்த மனிதருடைய கால்; வண்டியை ஒதுக்கியது அவருடைய கை; "உள்ளே பிள்ளைகள் இருக்கின்றார்கள்" என்று நினைத்தது அவருடைய அறிவு. கடவுள்தான் காப்பாற்றினார் என்றால், அத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றிய கடவுளுக்கு அந்த ஒரு டிரைவரையும் காப்பாற்றத் தெரியாமற் போனது ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஒருவரும் முன்வரமாட்டார்கள். ஆதலால் புகழ் யாருக்கு உரியதோ அவருக்கே அதைக் கொடுக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் புகழோடு நின்றுவிட்டால் போதுமா? செத்த பிறகு மாலை போடுவதில் நம் நாட்டாருக்கு ஈடு கிடையாது. உயிரோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் மற்ற ஆயிரக்கணக்கான பள்ளிக்கூட வண்டி டிரைவர்களுக்கு என்ன சம்பளம், எத்தனை மணி வேலை, எவ்வளவு தூக்கம், எப்படிப்பட்ட வண்டி, என்ன மரியாதை என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கின்றோம்? தன் பிள்ளையை எந்த உபாத்தியாயர் கணக்குச் சொல்லிக் கொடுக்கின்றார் என்று நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுகின்ற தகப்பனார், அதே பிள்ளையின் உயிரைத் தினம் இரண்டு வேளை கையில் வைத்திருக்கும் மனிதருடைய பேரையாவது கேட்டதுண்டா? "ஏய் டிரைவர்" என்பதற்கு மேல் அவருக்கு வேறு பேர் உண்டென்று தெரிந்தவர் எத்தனை பேர்?

அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழுந்து வண்டியைக் கழுவித் துடைக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு முதல் பிள்ளை வீட்டு வாசலில் நிற்க வேண்டும். இரண்டு நிமிஷம் முந்தி வந்தால் "என்ன அவசரம்?" என்பார்கள், இரண்டு நிமிஷம் பிந்தி வந்தால் "தூங்கிவிட்டாயா?" என்பார்கள். ஒரு வீட்டில் பிள்ளை இன்னும் பல் தேய்க்கவில்லை. இன்னொரு வீட்டில் தாயார் சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வருகின்றார். அங்கே இழந்த பத்து நிமிஷத்தை டிரைவர் எங்கே பிடிப்பது? ரோட்டில்தான் பிடிக்க வேண்டும். பள்ளிக்கூட மணி யாருக்காகவும் காத்திருக்காது. நேரம் கழித்துக் கொண்டுவந்து விட்டால் திட்டு அவருக்கு. வேகமாக ஓட்டி வந்தால் குற்றமும் அவருக்கே. பின்னால் இருபது பிள்ளைகள் கூச்சல் போடுகின்றார்கள், ஒன்று அழுகின்றது, ஒன்று வாந்தி எடுக்கின்றது, ஒன்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டுகின்றது. அவருக்கோ கண் ரோட்டிலும் காது பின்னாலும் இருக்க வேண்டும். முதல் நடை முடிந்தால் இரண்டாவது நடை. சில இடங்களில் மூன்றாவதும் உண்டு.

காலை நடை ஒன்பது மணிக்கு முடிந்தால், மாலை நடை மூன்றரை மணிக்கு ஆரம்பம். நடுவில் உள்ள ஆறரை மணி நேரம் அவருக்கு ஓய்வு என்று நினைக்கின்றீர்களா? "சும்மாதானே உட்கார்ந்திருக்கின்றாய்" என்று சொல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பள்ளிக்கூடங்களும் உண்டு. பாங்கிக்கும் கடைக்கும் அனுப்புகின்ற முதலாளிகளும் உண்டு. வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் வீட்டுக்குப் போய் வர முடியாத தூரத்தில் வண்டிக்குள்ளேயோ மரத்தடியிலேயோ சுருண்டு கிடக்க வேண்டும். மாலை நடை முடிந்து வண்டியை நிறுத்தும்போது மணி ஆறரை. விடியற்காலை ஐந்தரையிலிருந்து கணக்குப் போட்டால் பதின்மூன்று மணி நேரம் ஆகின்றது. ஆனால் சம்பளம் பேசும்போது மாத்திரம், "ஓட்டுவது நாலு மணி நேரம்தானே" என்று கணக்குச் சொல்லப்படுகின்றது. காவற்காரன் திருடன் வந்த நேரத்துக்கு மாத்திரம் கூலி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1961-ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. ஐந்து பேருக்குக் குறையாமல் தொழிலாளர் உள்ள இடங்களுக்குத்தான் அந்தச் சட்டம். பிறகு அது 2020-ஆம் வருஷத்துத் தொழிற்சட்டத் தொகுப்பிலே சேர்க்கப்பட்டது. அதிலும் எட்டு மணிக் கணக்கு இருக்கின்றது. ஆனால் ஒற்றை வேனைக் கடனுக்கு வாங்கித் தானே முதலாளியாகவும் தானே டிரைவராகவும் இருக்கின்றவருக்கு எந்த வரம்பும் எட்டுவதில்லை. அவருக்கு எஜமான், மாதா மாதம் தவணை கேட்கும் கடன்காரனே.

நிற்க, பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களுக்கு மாத்திரம் கூலி என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். கோடை விடுமுறையில் உபாத்தியாயர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். டிரைவர் வீட்டிலும் எரிய வேண்டும். வயிற்றுக்கு விடுமுறை கிடையாது. ஆகவே அவர் என்ன செய்கின்றார்? சனி ஞாயிறுகளிலும், இரவுகளிலும், பிறர் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராகப் போகின்றார். கல்யாண சீசனில் கல்யாண வண்டி. கார்த்திகை மார்கழியில் ஐயப்பன் மலைக்குப் போகும் வண்டி. ஞாயிறு இரவெல்லாம் மலையிலிருந்து விழித்து ஓட்டி வந்து, திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கு உங்கள் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கின்றாரே, அந்தக் கண்ணில் உள்ள சிவப்பை எப்போதாவது பார்த்திருக்கின்றீர்களா? மலைக்குப் போனவர் தன் மோட்சத்தைத் தேடிக்கொண்டார். தூக்கத்தை இழந்தவரோ உங்கள் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகின்றார். அவருடைய கண் அசந்து வண்டி மரத்தில் மோதினால் "தலைவிதி" என்று சொல்லிவிடுவார்கள். பட்டினிக் கூலிக்கும் தூக்கமின்மைக்கும் நம் நாட்டில் கொடுக்கப்பட்ட இன்னொரு பேர்தான் தலைவிதி என்பதாகும்.

இந்தத் தலைவிதி என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஆயுத பூஜையன்று பள்ளிக்கூட வண்டிகளுக்குச் செய்யப்படும் வைபவத்தைப் பார்த்திருக்கின்றீர்கள். வாழைக்கன்று, மாவிலை, சந்தனம், குங்குமம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். நடு ரோட்டில் ஒரு பூசணிக்காய். உடைத்த பூசணிக்காயை ரோட்டிலேயே விட்டுவிட்டுப் போவதால், பின்னால் வருகின்ற இருசக்கர வண்டிக்காரர் வழுக்கி விழுந்தால் அவருக்கு எந்தத் திருஷ்டி என்று யாரும் கேட்பதில்லை. எலுமிச்சம்பழம் நசுங்குவதனால் பிரேக் லைனிங் கெட்டிப்படுமா? குங்குமம் இட்டதனால் வழுக்கையான டயருக்குப் பட்டன் முளைக்குமா? பூசாரிக்குக் கொடுக்கின்ற பணத்தை மெக்கானிக்குக்குக் கொடுத்து அன்றைக்கே லைனிங்கை மாற்றினால் அதனால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும்? இயந்திரம் பக்தியை அறியாது. எண்ணெய் போட்டால் ஓடும், போடாவிட்டால் நிற்கும். பக்தன் வண்டிக்கு ஒரு பிரேக், பாவி வண்டிக்கு ஒரு பிரேக் என்று அதற்குப் பாரபட்சம் கிடையாது.

2012-ஆம் வருஷம் ஜூலை மாதம் தாம்பரத்துக்குப் பக்கத்தில் முடிச்சூரில் இரண்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூட பஸ்ஸின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் பின் சக்கரத்தில் அகப்பட்டு மாண்டது. அந்த ஓட்டையைப் பிரம்மா போட்டாரா? துருப்பிடித்த தகரத்தை மனிதர் கவனியாமல் விட்டதனால் வந்த ஓட்டை அது. ஐக்கோர்ட்டார் தாமாகவே அவ்விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவ்வருஷமே பள்ளிக்கூட பஸ்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. பத்து வருஷம் கழித்து, 2022-ஆம் வருஷம் மார்ச்சு மாதம், சென்னை வளசரவாக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பள்ளிக்கூட வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி இறந்தான். அதன் பிறகு, பள்ளிக்கூட வண்டிகளுக்கு முன்னும் பின்னும் காமிராவும், ஆள் இருந்தால் ஒலி எழுப்பும் கருவியும் வைக்க வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. வேனின் உயரமான ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்தால் வண்டியின் மூக்குக்கு முன்னே சில அடி தூரம் தரையே தெரியாது. பின்பக்கமோ அதைவிட மோசம். கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்த பிள்ளை டிரைவர் கண்ணில் படவே படாது. ஆண்டவன் கொடுத்த கண்ணுக்கு எட்டாத இடத்தை மனிதன் செய்த கண்ணாடியும் காமிராவும் எட்டிப் பார்க்கின்றன. இதில் விதிக்கு என்ன வேலை இருக்கின்றது?

ரயில்வே கேட்டு விஷயத்தைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாக விளங்கும். 2014-ஆம் வருஷம் ஜூலையில் தெலுங்கானாவில் மெதக் ஜில்லா மாசாயிபேட்டையில், ஆளில்லாத கேட்டில் பள்ளிக்கூட பஸ் மீது ரயில் மோதிப் பல பிள்ளைகளும் டிரைவரும் செத்தார்கள். 2018-ஆம் வருஷம் ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்துக் குஷிநகரில் அதே மாதிரி ஆளில்லாத கேட்டில் பதின்மூன்று பிள்ளைகள் மாண்டார்கள். ஒவ்வொரு தடவையும் "விதி" என்று அழுதார்கள். ஆனால் 2019-ஆம் வருஷத் துவக்கத்துக்குள் அகல ரயில் பாதையில் இருந்த ஆளில்லாத கேட்டுகள் அத்தனையும் ஒழிக்கப்பட்டுவிட்டன. எந்த யாகத்தினால் ஒழிந்தன? எந்த மந்திரத்தினால் ஒழிந்தன? பணம் ஒதுக்கினார்கள், பாலம் கட்டினார்கள், ஆள் போட்டார்கள், சில கேட்டுகளை மூடினார்கள். அத்தனை வருஷமாகப் பிரம்மா எழுதி வந்த எழுத்தைக் கொத்தனாரும் எஞ்சினீயரும் அழித்துவிட்டார்கள் என்றால், அது பிரம்மா எழுத்தா அல்லது நம்முடைய அசட்டையா என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

அதிலும் மிச்சம் இருக்கத்தான் செய்கின்றது. 2025-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி காலையில் கடலூருக்கு அடுத்த செம்மங்குப்பம் கேட்டில், ஆள் இருந்தும் கேட்டு மூடப்படாமல், பள்ளிக்கூட வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். சம்பவம் நடந்த உடனே கிளம்பிய பேச்சு, டிரைவர்தான் கேட்டை மூட விடாமல் வழி கேட்டார் என்பது. கேட்டு திறந்தே கிடந்தது என்று டிரைவரும், காயம்பட்ட பிள்ளையும் சொன்னார்கள். கேட் கீப்பர் கைது செய்யப்பட்டார். இவர்களில் யார் செய்தது பிசகு என்று தீர்ப்புச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. அந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் என்கின்ற பிணைப்பு ஏற்பாடு இல்லை என்பதைத்தான் நாம் கவனிக்கச் சொல்லுகின்றோம். அந்த ஏற்பாடு இருந்தால், கேட்டு மூடாத வரையில் ரயிலுக்குச் சிக்னல் விழாது. அதாவது ஒரு மனிதன் மறந்தாலும் இயந்திரம் மறக்காது. அது இல்லாத இடத்தில், இரண்டு ஏழைத் தொழிலாளிகளில் யாரைக் குற்றவாளி ஆக்குவது என்பதே நமது பெரிய ஆராய்ச்சியாகிவிடுகின்றது.

இதுதான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம். பிள்ளைகள் பத்திரமாய் வந்து சேர்ந்தால் அதற்குக் கடவுள் காரணம். நல்ல பேர் பள்ளிக்கூடத்துக்கு. விபத்து வந்தால் மாத்திரம் ஒன்று விதி, இல்லாவிட்டால் டிரைவர். நடுவில் இருக்கின்ற முதலாளி, அதிகாரி, பெற்றோர் ஆகிய மூவரும் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. விதி என்று சொல்லுவதும், டிரைவர் ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் போடுவதும், பார்வைக்கு வேறு வேறாக இருந்தாலும் பலனில் ஒன்றேதான். இரண்டும் மற்றவர்கள் தப்பித்துக்கொள்ளுவதற்கு வெட்டி வைத்த வழிகளே ஆகும்.

இதனால் டிரைவர்கள் எல்லாரும் குற்றமற்றவர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு கையில் போனையும் ஒரு கையில் ஸ்டியரிங்கையும் பிடிப்பவர் இருக்கின்றார். இரவு குடித்த குடி காலையில் இறங்காமலே வண்டி எடுப்பவரும் இருக்கின்றார். பிள்ளை முழுதும் இறங்கு முன்னே கிளட்சை விடுகின்றவரும் இருக்கின்றார். காவல் இல்லாத கேட்டில் வண்டியை நிறுத்தி, உதவியாளை இறக்கி, ஆள் இல்லாவிட்டால் தானே இறங்கிப் போய், இருபுறமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு சொல்லுகின்றது. அதைச் செய்யச் சோம்பற்பட்டவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டியரிங்கில் உட்கார யோக்கியதை இல்லை என்று நாம் பச்சையாகவே சொல்லுகின்றோம். தன் தொழிலுக்கு மரியாதை வேண்டுமென்று கேட்கின்றவர், தானே முதலில் அந்தத் தொழிலை மரியாதையாய் நடத்திக் காட்ட வேண்டும்.

ஆனால் யோக்கியமான டிரைவர் கதி என்ன என்று பாருங்கள். நமக்குத் தெரிந்த ஒரு வேன் டிரைவர் சொன்னார்: "பிரேக் சரியில்லை என்று மூன்று நாளாகச் சொன்னேன். 'இந்த மாதக் கடைசியில் பார்க்கலாம். ஓட்ட முடியாவிட்டால் சாவியை வைத்துவிட்டுப் போ, வேறு ஆள் இருக்கின்றான்' என்றார்கள். சாவியை வைத்துவிட்டால் என் பிள்ளைக்குச் சோறில்லை. எடுத்து ஓட்டினால் ஊரார் பிள்ளைக்கு உயிருக்கு உறுதி இல்லை. நான் என்ன செய்ய?" என்று கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு எந்தப் புராணத்தில் பதில் இருக்கின்றது? அந்தக் கேள்வியை அவரிடம் விட்டுவிட்டு நாம் தூங்கப் போகலாமா? அந்த மனிதருக்கு இயந்திரம் தெரியும், ஆபத்தும் தெரியும். ஆனால் "மாட்டேன்" என்கின்ற ஒரு வார்த்தையைச் சொல்லுவதற்கு அவருக்குச் சுதந்திரம் இல்லை. அறிவு இருந்தும் அதன்படி நடக்க உரிமை இல்லாத நிலைக்கு அடிமைத்தனம் என்பதல்லாமல் வேறு பேர் என்ன? டிரைவருக்கு அடிமைத்தனம் இருக்கின்ற வரை பிள்ளைகளுக்குப் பத்திரம் இல்லை.

இந்த நிலைமைக்கு நமது பழைய புத்தியும் ஒரு காரணமாகும். கையால் வேலை செய்கின்றவன் கீழானவன், உட்கார்ந்து ஏடு புரட்டுகின்றவன் மேலானவன் என்று பல நூற்றாண்டுகளாக ஜாதியின் பேரால் நமக்குப் புகட்டப்பட்டுவிட்டது. அதனால்தான் உபாத்தியாயரைக் கண்டால் எழுந்து நிற்கின்ற அதே வாய், அவரைவிட மூத்த டிரைவரைக் கண்டால் "டேய்" என்கின்றது. வண்டியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுகின்ற ஆயாவின் நிலைமையோ இதைவிடக் கேவலம். பிள்ளைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வளருகின்றார்கள். பள்ளிக்கூடத்தில் "மனிதர் எல்லாரும் சமம்" என்று பாடம் படித்துவிட்டு, வண்டியிலே "டேய் டிரைவர்" என்று தகப்பனார் கூப்பிடுவதைக் கேட்டால், அந்தப் பிள்ளைக்கு எது பாடமாய் நிற்கும்? நாள்தோறும் காலையில் முதல் பாடம் வண்டியில்தான் நடக்கின்றது என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது.

பெற்றோர்களையும் நாம் சும்மா விடுவதற்கில்லை. பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் இருபது பேரை அடைக்கின்றார்களே என்று கோபப்படுகின்றவர்கள், மாத வாடகையில் நூறு ரூபாய் குறை என்று பேரம் பேசும்போது எதை நினைத்துக்கொண்டு பேசினார்கள்? டீசல் விலையும் தவணையும் குறையாது. குறைத்த நூறு ரூபாயை ஈடுகட்ட, வண்டிக்காரர் இன்னும் மூன்று பிள்ளைகளை ஏற்றுகின்றார். ஆட்டோவிலும் இதே கதைதான். டிரைவர் ஆசனத்தின் இருபுறமும் பிள்ளைகள், வெளியே தொங்கும் பைகள். மலிவாக வேண்டும், பத்திரமாகவும் வேண்டும் என்றால் இரண்டும் ஒரே பையில் அடங்குமா?

இன்னொன்றும் சொல்லுவோம். வெள்ளை நம்பர் பலகை மாட்டிய சொந்த உபயோக வண்டியில் வாடகைக்குப் பிள்ளைகளை ஏற்றுவது சட்டப்படி கூடாத காரியம். விபத்து நேர்ந்தால் சொந்த உபயோகத்துக்கென்று எடுத்த இன்சூரன்ஸ், கூலிக்கு ஓட்டிய வண்டிக்குக் கைகொடுக்காது. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்கின்றதா, எப்.சி. எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் உண்டா, கூட ஆயா வருகின்றாரா என்ற நாலு கேள்விகளைக் கேட்க அரை மணி நேரம் போதும். ஜாதகப் பொருத்தம் பார்க்க ஒரு நாள் முழுதும் ஜோசியன் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கின்றவர்களுக்கு, பிள்ளை ஏறுகின்ற வண்டியின் எப்.சி.யைப் பார்க்க அரை மணி நேரம் இல்லையென்றால் அதை யார் நம்புவார்கள்?

சர்க்காருடைய காரியமும் இருக்கின்றது. ஒவ்வொரு வருஷமும் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கு முன், ஆர்.டி.ஓ., போலீஸ், கல்வி இலாகா அதிகாரிகள் ஒரு மைதானத்தில் வண்டிகளை வரிசையாய் நிறுத்தி, அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, படி, தளம் முதலியவைகளைச் சோதிக்கின்றார்கள். அது நல்ல காரியமே; அதை நாம் பாராட்டுகின்றோம். ஆனால் மே மாதத்தில் இருந்த பிரேக் ஜனவரி மாதத்திலும் அப்படியே இருக்கும் என்று நினைக்கலாமா? சோதனைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டு மறுநாள் கழற்றி வைத்துக்கொள்ளுகின்றவர்கள் இல்லையா? வண்டியைச் சோதிக்கின்ற அதிகாரி டிரைவருடைய கண்ணைச் சோதிப்பதோடு நில்லாமல், அவர் நேற்று எத்தனை மணி தூங்கினார், எத்தனை மணி ஓட்டினார் என்பதையும் கேட்க வேண்டாமா? நெஞ்சையும் இரத்த அழுத்தத்தையும் வருஷத்துக்கொரு தரமாவது இலவசமாய்ச் சோதிக்க வேண்டாமா? வெள்ளகோவில் டிரைவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அப்படி இன்னொருவர் ஸ்டியரிங்கிலேயே சாகாமல் தடுப்பதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே நாம் வேண்டுவது இதுதான். முதலாவது, பள்ளிக்கூட வண்டி டிரைவருக்கும் ஆயாவுக்கும் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். காலை முதல் மாலை வரை அவர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரம் எல்லாம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவது, "இந்த வண்டி இன்றைக்கு ஓடத் தகுதியில்லை" என்று டிரைவர் எழுதிக் கொடுத்தால், அது சீர் செய்யப்படும் வரை அந்த வண்டி வெளியே போகக் கூடாது. அப்படி எழுதியதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கவும் கூடாது. இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் ஒவ்வொரு வண்டியிலும் இருக்கட்டும். பெற்றோரும் அதிகாரியும் எப்போது வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம். மூன்றாவது, அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றச் சொன்னால் மறுக்கின்ற உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். இவைகளுக்கு ஆகின்ற செலவைப் பள்ளிக்கூட முதலாளியும் பெற்றோரும் பங்கிட்டுக்கொள்ளட்டும். நான்காவதாக, பக்கத்துத் தெருவில் உள்ள பள்ளிக்கூடத்தை நல்ல பள்ளிக்கூடமாக ஆக்கினால், இத்தனை பிள்ளைகள் இத்தனை தூரம் வண்டியில் அடைபட்டுப் போக வேண்டிய அவசியமே பாதி குறையும் என்பதையும் சர்க்கார் கவனிக்க வேண்டும்.

டிரைவர் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் தனித்தனியே "மாட்டேன்" என்றால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளுவார்கள். ஓர் ஊரில் உள்ள பள்ளிக்கூட வண்டி டிரைவர்கள் எல்லாரும் சங்கமாகச் சேர்ந்து, "பிரேக் இல்லாத வண்டியை எங்களில் ஒருவரும் தொட மாட்டோம்" என்று சொல்லுங்கள். அப்போது வேறு ஆள் எங்கிருந்து வருவான்? இது உங்கள் கூலிக்காக மாத்திரம் செய்யும் காரியம் அல்ல. ஊரார் பிள்ளைகளின் உயிருக்காகச் செய்யும் காரியம். ஊராரும் உங்கள் பக்கம்தான் நிற்பார்கள். நிற்காவிட்டால் நிற்கும்படி நாம் அவர்களுக்குச் சொல்லுவோம்.

பெற்றோர்களே! நாளைக் காலையில் வேன் வந்து வாசலில் நிற்கும்போது, பிள்ளையின் நெற்றியில் திருநீறு பூசி "சாமி காப்பாற்று" என்று அனுப்புவதற்கு ஆகும் நேரத்தில், ஓட்டுகின்ற மனிதரின் பேரைக் கேளுங்கள். "ராத்திரி தூங்கினீர்களா? வண்டி சரியாய் இருக்கின்றதா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று அவர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவரோடு சேர்ந்து பள்ளிக்கூடத்தாரிடம் போய்க் கேளுங்கள். அப்படி நாலு வாசலில் நாலு பேர் கேட்க ஆரம்பித்தால், தலைவிதி என்கின்ற பேச்சு அந்தத் தெருவை விட்டு ஓடிப்போகும் என்பது நமது உறுதியான எண்ணம்.